மூவாயிரம் ஹெர்ட்சில் ஒரு மேடு

திருப்பதி காந்தி ரோட்டில் மொபைல் உதிரிகள் விற்கும் கடையில் இயர்ஃபோன் கேட்டால், கண்ணாடி மேசைமேல் நாலைந்து அட்டைப்பெட்டிகளை எடுத்துப் போடுவார்கள். முந்நூறு ரூபாய்ப் பெட்டியின் பின்பக்கத்தில் ‘20 ஹெர்ட்ஸ் – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும். மூவாயிரம் ரூபாய்ப் பெட்டியைத் திருப்பினால் அதே எண்கள். சரி என்று இரண்டையும் மாட்டிப் பார்க்கலாம். எம்.எஸ்.சுப்புலட்சுமி பாடி 1963-ல் இசைத்தட்டாக வந்த வெங்கடேச சுப்ரபாதத்தை ஓட விடுங்கள். ஒன்றில் குரல் அமுங்கி, பின்னால் தள்ளி நிற்கும். மற்றொன்றில் குரல் முன்னால் வரும். ஆனால் ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் கீறும். எது விலை கூடியது என்று கேட்பவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட முடியாது. எண்கள் ஒன்றாக இருக்கும்போது ஒலி மட்டும் ஏன் இப்படி மாறுகிறது?

அச்சிட்ட எண்கள் பொய்யல்ல. ஆனால் நமக்கு வேண்டிய சேதி அவற்றில் இல்லை. கல்யாணப் பந்தியில் ‘உப்பு முதல் மோர் வரை பரிமாறுகிறோம்’ என்றால் எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியும். கூட்டு எவ்வளவு, சாம்பார் எத்தனை கரண்டி, பாயசம் கண்ணில் பட்டதா என்பதெல்லாம் இலையைப் பார்த்தால்தான் தெரியும். ஹெட்ஃபோனைப் பொறுத்தவரை அந்த இலைதான் அதிர்வெண் துலங்கல் வரைபடம். ஒவ்வொரு அதிர்வெண்ணையும் கருவி எவ்வளவு சத்தமாகத் தருகிறது என்று காட்டும் ஒற்றைக் கோடு அது. இருபது ஹெர்ட்சில் ஏதோ ஒரு முனகல் வந்தாலும் பெட்டியில் 20 என்று போட்டுவிடலாம். இத்தனை டெசிபல் ஏற்ற இறக்கத்துக்குள் என்று சேர்த்துச் சொல்லாத வரையில் அந்த வரம்பை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

வரைபடத்தின் படுக்கை அச்சில் இடது ஓரம் 20, வலது ஓரம் 20,000. நடுவில் உள்ள எண்களைப் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். 100-க்கும் 200-க்கும் இடையே எவ்வளவு இடமோ, அதே இடம்தான் 5,000-க்கும் 10,000-க்கும் இடையே. இதை மடக்கை அளவு என்பார்கள். சங்கீதம் கேட்டுப் பழகியவருக்கு இது சட்டென்று பிடிபடும். அதிர்வெண் இரட்டித்தால் ஒரு ஸ்தாயி ஏறியதாகக் காது எடுத்துக்கொள்கிறது. வரைபடமும் ஒவ்வொரு ஸ்தாயிக்கும் சரிசமமாக இடம் ஒதுக்குகிறது. 20-லிருந்து 20,000 வரை ஏறத்தாழ பத்து ஸ்தாயிகள்.

இந்தப் பத்தில் பாட்டு எங்கே இருக்கிறது? ஐந்து கட்டையில் பாடும் ஒரு பாடகியின் மத்திய ஸ்தாயி ஸட்ஜம் சுமார் 196 ஹெர்ட்ஸ். கீழே மந்திர ஸ்தாயி பஞ்சமம் 147, மேலே தார ஸ்தாயி பஞ்சமம் 588. ஒரு கட்டையில் பாடும் ஆணின் ஸட்ஜம் 131. அவர் மந்திர பஞ்சமத்தைத் தொட்டால் 98. ஆக, பாடப்படும் சுரங்கள் அத்தனையும் 100-க்கும் 600-க்கும் இடையிலேயே முடிந்துவிடுகின்றன. 600 என்பது கிட்டத்தட்ட வரைபடத்தின் நடுக்கோடு. அப்படியானால் வலது பாதி முழுவதும், ஐந்து ஸ்தாயி அகலத்துக்கு, எதற்காக இருக்கிறது?

மேற்சுரங்களுக்காக. எந்தக் குரலும் கருவியும் ஒரே ஓர் அதிர்வெண்ணில் ஒலிப்பதில்லை. 196-ல் பாடினால் கூடவே 392, 588, 784 என்று மடங்குகள் பிறக்கின்றன. இவற்றின் விகிதம்தான் ஒரு குரலை அந்தக் குரலாக்குகிறது. வீணைக்கும் வயலினுக்கும் வித்தியாசம் சொல்கிறது. ‘ஸ’, ‘ஷ’ போன்ற மெய்களின் சீறல் 5,000-ஐத் தாண்டியும் பரவிக் கிடக்கிறது. ஜால்ராவின் மினுக்கம் அதற்கும் மேலே போகும்.

நம் மிருதங்கத்துக்கு இதில் தனி இடம் உண்டு. இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலைத் தட்டினால் அதன் மேற்சுரங்கள் மடங்குகளாக அமையாது. அதனால் சுருதி சேராது, வெறும் சத்தமாக இருக்கும். மிருதங்கத்தின் வலந்தலையில் அப்பியிருக்கும் கறுப்புச் சோறு அதை மாற்றிவிடுகிறது. சி.வி.ராமன் சிவகாளி குமாருடன் சேர்ந்து 1920-ல் ‘நேச்சர்’ இதழில் இதைப் பற்றி எழுதினார். பிறகு 1934-ல் விரிவாக ஆராய்ந்தபோது தோலின்மேல் நுண்மணலைத் தூவி, தட்டியதும் மணல் எந்தக் கோடுகளில் போய் ஒதுங்குகிறது என்று பார்த்தார். தோல் அசையாத கோடுகள் அவை. அந்த உருவங்களை வைத்துத் தோலின் ஒன்பது வகை அதிர்வுகளை அடையாளம் கண்டார். அந்த ஒன்பதும் கூட்டுச் சேர்ந்து அடிப்படைச் சுரத்தையும் சேர்த்து ஐந்தே சுரங்களாக, அடிப்படையின் மடங்குகளாக, ஒலிக்கின்றன என்று காட்டினார். எந்தக் கருவிப் பெட்டியும் இல்லாமல் மணலைக் கொண்டே ஓர் ஒலியின் உள்ளமைப்பைப் படித்த அந்த முறையை நினைத்தால் இன்றும் வியப்பாக இருக்கிறது. ஹெட்ஃபோன் வரைபடமும் அதே கேள்விக்கு, எந்த அதிர்வு எவ்வளவு என்பதற்கு, வேறொரு வழியில் பதில் சொல்கிறது.

நிமிர்ந்த அச்சில் டெசிபல். ஒரு டெசிபல் வித்தியாசத்தை உன்னிப்பாகக் கேட்பவர் உணரலாம். மூன்று டெசிபல் ஏறினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பு. பத்து ஏறினால்தான் காதுக்கு ‘இரண்டு மடங்கு சத்தம்’ என்று படும். இங்கே ஒரு எச்சரிக்கை. இந்த அச்சு எத்தனை டெசிபல் உயரம் என்பதை முதலில் பாருங்கள். 100 டெசிபல் உயரத்தில் வரைந்தால் எந்தக் கோணல் ஹெட்ஃபோனும் சமவெளியாகத் தெரியும். அதையே 30 டெசிபலுக்குள் வரைந்தால் மேடுபள்ளங்கள் எல்லாம் எழுந்து நிற்கும். விற்பவர்கள் கொடுக்கும் படங்களில் முதல் வகையைப் பலமுறை பார்க்கலாம்.

இதுவரை படித்தவருக்கு ஒரு முடிவு தானாகத் தோன்றும்: நல்ல ஹெட்ஃபோனின் கோடு நேராக இருக்க வேண்டும், எல்லா அதிர்வெண்ணும் சமம். நியாயமான எண்ணம்தான், ஆனால் தவறு. நல்ல ஹெட்ஃபோனின் கோட்டில் 3,000 ஹெர்ட்சை ஒட்டி ஒரு பெரிய மேடு இருக்கும். இருந்தே ஆக வேண்டும். அந்த மேடு ஹெட்ஃபோனுடையது அல்ல, நம் காதுடையது.

காதுமடலிலிருந்து செவிப்பறைவரை போகும் செவிக்குழலின் நீளம் ஏறத்தாழ இரண்டரை சென்டிமீட்டர். ஒரு முனை திறந்து மறுமுனை மூடிய குழாய் அது. அப்படிப்பட்ட குழாய் தன் நீளத்தைப்போல் நான்கு மடங்கு நீளமுள்ள ஒலியலை வரும்போது ஒத்ததிர்ந்து அதைப் பெருக்கும். பத்து சென்டிமீட்டர் நீளமுள்ள அலை என்றால் 3,000 ஹெர்ட்சுக்குச் சற்று மேல். காதுமடலின் குழிவும் தலையின் பருமனும் தம் பங்கைச் சேர்க்கின்றன. மொத்தத்தில், முன்னால் ஒருவர் பாடினால் அந்தப் பகுதி அதிர்வெண்கள் செவிப்பறையை எட்டும்போது 15 டெசிபல் அளவுக்குக் கூடியிருக்கும். பிறந்த நாளிலிருந்து இந்த மேட்டோடுதான் கேட்கிறோம். அம்மாவின் குரலும் கோயில் மணியும் இதன் வழியாகவே உள்ளே வந்தன. மூளைக்கு இதுதான் இயல்பு.

இயர்ஃபோனைச் செருகியதும் நிலைமை மாறுகிறது. திறந்த முனை அடைபட்டுவிடுகிறது. பழைய ஒத்ததிர்வு போய்விடுகிறது. காதுமடலும் தலையும் கணக்கிலேயே இல்லை. ஒலி நேராகக் குழலுக்குள் கொட்டுகிறது. இழந்த மேட்டை இயர்ஃபோன் தானே கொண்டுவந்து தராவிட்டால் பாட்டு மங்கிப்போகும். கடையில் கேட்ட அந்த அமுங்கிய குரலுக்குப் பெரும்பாலும் காரணம் இதுதான்.

செவிப்பறைக்கு அருகே என்ன நடக்கிறது என்று எப்படித் தெரிந்தது? 1946-ல் ஹார்வர்டில் வீனரும் ராஸும் ஆட்களின் செவிக்குழலுக்குள் மெல்லிய குழாய் ஒன்றைச் செலுத்தி, அதன் மறுமுனையில் மைக் வைத்து, வெளியே ஒலிக்கும் சுரத்துக்கும் உள்ளே சேரும் சுரத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தார்கள். மேடு அங்கே கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு பலர் செய்த இப்படிப்பட்ட அளவீடுகளை எல்லாம் ஒன்றுதிரட்டி, ஒலி எந்தத் திசையிலிருந்து வந்தால் மேடு எப்படி மாறும் என்ற அட்டவணையைக் கனடாவைச் சேர்ந்த ஷா 1974-ல் வெளியிட்டார்.

ஒவ்வொரு ஹெட்ஃபோனுக்கும் ஆள் பிடித்துக் காதுக்குள் குழாய் விட முடியாதே. 1972-ல் காது கேட்கும் கருவிகளைச் சோதிக்கக் ‘கெமார்’ என்ற பொம்மை வந்தது. சராசரி மனித அளவில் தலையும் மார்பும், ரப்பர் காதுமடல், உள்ளே செவிப்பறை இருக்கவேண்டிய இடத்தில் மைக். செவிக்குழலின் காற்றும் செவிப்பறையின் தளர்வும் ஒலியை எப்படி ஏற்குமோ அப்படி ஏற்கும் சிறு உலோகக் குழல் ஒன்றையும் வடிவமைத்தார்கள். அதற்கு 1981-ல் சர்வதேசத் தரம் வந்தது. இன்று நீங்கள் பார்க்கும் இயர்ஃபோன் வரைபடங்களில் பெரும்பாலானவை அந்த வகைச் செயற்கைக் காதில் எடுத்தவை. இயர்ஃபோனை அதில் செருகி, 20 ஹெர்ட்சிலிருந்து 20,000 வரை வழுக்கி ஏறும் ஓர் ஒலியைச் செலுத்தினால், மைக்கில் விழும் அளவு கோடாக எழுதப்படும். சில நொடி வேலை.

கோடு கிடைத்துவிட்டது. அது நல்ல கோடா என்று எதோடு ஒப்பிடுவது? ஜெர்மனியின் தைலே 1986-ல் ஒரு பதில் சொன்னார். எல்லாத் திசைகளிலிருந்தும் சமமாக ஒலி வரும் அறையில் செவிப்பறைக்கு என்ன சேருமோ அதுவே ஹெட்ஃபோனுக்கு இலக்கு என்றார். கணக்குப்படி அழகான பதில். ஆனால் கேட்டவர்களுக்கு அது சன்னமாக, அடியொலி போதாமல் பட்டது. 2012-லிருந்து ஹார்மன் நிறுவனத்தில் ஷான் ஆலிவும் டாட் வெல்டியும் வேறு பக்கமாக வந்தார்கள். நல்ல ஸ்பீக்கர்களை நல்ல அறையில் வைத்துக் கேட்டால் செவிப்பறையில் என்ன கோடு வருகிறது என்று அளந்து அங்கிருந்து தொடங்கினார்கள். கேட்பவர் கையில் குமிழைக் கொடுத்து, அடியொலியையும் மேலொலியையும் பிடித்த அளவுக்கு வைக்கச் சொன்னார்கள். எந்த ஹெட்ஃபோன் என்று தெரியாதபடி, பெயரும் விலையும் மறைத்து மதிப்பெண் போடவும் வைத்தார்கள். பெரும்பாலோரின் விருப்பம் ஒரே வடிவத்தைச் சுற்றி வந்தது: 3,000-ஐ ஒட்டிய மேடு, அதற்குப் பின் சீரான இறக்கம், 100 ஹெர்ட்சுக்குக் கீழே சில டெசிபல் கூடுதல். ஹார்மன் இலக்குக் கோடு என்று இன்று எல்லோரும் குறிப்பிடுவது இதைத்தான். சோதனையில் கலந்துகொண்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு அது பிடித்தது. மீதிப் பேரில் சிலர் அடியொலி இன்னும் வேண்டும் என்றார்கள், சிலர் குறைவாக வேண்டும் என்றார்கள். இது இயற்கை விதி அல்ல. நிறையப் பேரின் காதைக் கேட்டு எழுதிய சராசரி. என்னைக் கேட்டால், அதை அளவுகோலாக வைத்து, நம் ரசனை அதிலிருந்து எந்தப் பக்கம் விலகுகிறது என்று தெரிந்துகொள்வதே அதன் பெரிய பயன்.

வரைபடத்தைக் கையில் எடுத்ததும் இலக்குக் கோடு கூடவே வரைந்திருக்கிறதா என்று தேடுங்கள். சில படங்களில் இலக்கைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் போட்டிருப்பார்கள். அவற்றில் மட்டும் நேர்கோடு நல்லது. எந்த வகை என்று தெரியாமல் பார்த்தால் எல்லாம் தலைகீழாகிவிடும்.

பிறகு இடது ஓரம். 100-க்குக் கீழே கோடு விழுந்துகிடந்தால் மிருதங்கத்தின் இடப்பக்கத் தொப்பியில் மணிக்கட்டை அழுத்தி எழுப்பும் கும்கி மெலிந்துவிடும். ஆனால் ஆணின் குரல் பெண் குரலாகிவிடாது. பழைய தொலைபேசி 300 ஹெர்ட்சுக்குக் கீழே எதையும் அனுப்பியதில்லை. ஆண் பேசும் அடிப்படைச் சுரம் அதற்குப் பாதிக்கும் கீழே. இருந்தும் அப்பாவின் குரலை அப்பாவின் குரலாகவே கேட்டோம். மேற்சுரங்களின் இடைவெளியைப் பார்த்து விடுபட்ட அடிச்சுரத்தை மூளை தானே நிரப்பிக்கொள்கிறது. அதனால் அடியொலி குறைந்தால் சுருதி கெடாது, கனம்தான் போகும். மாறாக, அடியொலியின் மேடு 100-ஐத் தாண்டி 300 வரை பரவினால் அது குரலின் இடத்திலேயே வந்து உட்காருகிறது. கர்நாடக சங்கீதம் கேட்பவருக்கு இது பெரிய குறை. அடிக்கும் தாளத்தைப் பிரதானமாக வைத்துச் செய்த பல இயர்ஃபோன்களில் இந்த வீக்கம் இருக்கிறது.

1,000-லிருந்து 3,000 வரை உள்ள ஏற்றத்தை நன்றாகப் பாருங்கள். இலக்கைவிட ஐந்தாறு டெசிபல் தாழ்ந்திருந்தால் பாடுபவர் பின்னால் போய்விடுவார், சாகித்தியத்தின் எழுத்துகள் மங்கும். 5,000-லிருந்து 8,000 வரை இலக்குக்கு மேலே முள் எழுந்திருந்தால் சுப்ரபாதத்தின் ‘ஸ’க்கள் குத்தும். கூர்மையான சிறு பள்ளங்களைக் கண்டு கவலைப்பட வேண்டாம். அகலமான மேடுகளே காதில் படும்.

8,000-க்கு மேலே கோட்டை நம்பி முடிவு செய்யாதீர்கள். செயற்கைக் காதில் இயர்ஃபோன் ஒரு மில்லிமீட்டர் உள்ளே போனாலும் வெளியே வந்தாலும் அங்குள்ள மேடு இடம் மாறும். உங்கள் காதின் நீளம் உலோகக் குழலின் நீளம் அல்ல. வேறு வேறு கருவிகளில் அளந்த படங்களைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதும் பயன் தராது. இரண்டும் ஒரே கருவியில், ஒரே ஆள் எடுத்ததாக இருக்க வேண்டும்.

அடியொலிக் கணக்கு முழுவதும் ஒரு நிபந்தனையின் பேரில் நிற்கிறது: காது நன்றாக அடைபட வேண்டும். பெட்டிக்குள் சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று ஜோடி சிலிக்கான் முனைகள் கிடக்கும். பலர் நடுத்தரத்தைக் கழற்றிப் பார்ப்பதே இல்லை. முனை சிறிதாக இருந்து ஓரத்தில் மயிரிழை இடைவெளி விழுந்தால் கீழ் அதிர்வெண்கள் அவ்வழியே கசிந்துவிடும். வரைபடத்தில் இருந்த அடியொலி உங்கள் காதில் இருக்காது. வலது காதுக்கும் இடது காதுக்கும் வேறு வேறு அளவு தேவைப்படுவதும் சாதாரணம். தலைமேல் மாட்டும் ஹெட்ஃபோனில் மூக்குக் கண்ணாடியின் காம்பு இதே கசிவை உண்டாக்கும்.

விலையைப் பற்றி ஒரு சேதி. 283 ஹெட்ஃபோன்களின் வரைபடங்களை எடுத்து விலையோடு ஒப்பிட்ட ஆய்வு ஒன்றை யெரூன் பிரேபார்ட் 2017-ல் அமெரிக்க ஒலியியல் சங்கத்தின் இதழில் வெளியிட்டார். துலங்கலுக்கும் விலைக்கும் தொடர்பே தெரியவில்லை. கூடுதல் காசுக்கு நல்ல கேபிள், உறுதியான உடல், காதை உறுத்தாத மெத்தை, இரைச்சல் நீக்கும் வசதி கிடைக்கலாம். ஒலிச் சமநிலை கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அதனால்தான் குறைந்த வருமானத்தில் சங்கீதம் கேட்பவருக்கு இந்த வரைபடம் மிகவும் வேண்டியது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆயிரம் ரூபாய்க்குள் இலக்கை ஒட்டி ஓடும் கோடுகள் இருக்கின்றன, தேடத் தெரிந்தால் போதும். வாங்கிவிட்ட பிறகும் வழி உண்டு. பெரும்பாலான போன்களில் ஈக்வலைசர் இருக்கிறது. கோடு எங்கே துருத்துகிறது என்று தெரிந்தால் அந்த இடத்தை நாலைந்து டெசிபல் இறக்கிக்கொள்ளலாம்.

திருப்பதியிலிருந்து சித்தூருக்குப் போகும் பேருந்தில் இருக்கும்போது கணக்கு மாறும். எஞ்சினின் உறுமல் பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்சுக்குள் அடங்கும். பாட்டின் அடியொலியை அது மூடிவிடும். நாம் செய்வது மொத்தச் சத்தத்தையும் கூட்டுவது. உலக சுகாதார நிறுவனம் 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்று வரம்பு சொல்கிறது. மூன்று டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும்; 90-ஐ எட்டினால் வாரத்துக்கு நான்கே மணி நேரம். காதை நன்றாக அடைக்கும் முனை இங்கே காதையும் காக்கிறது. இரைச்சல் நீக்கும் ஹெட்ஃபோன் என்றால் அந்த வசதி ஓடும்போது எடுத்த வரைபடத்தைப் பாருங்கள். அணைத்தபோது எடுத்த கோட்டிலிருந்து அது மாறலாம்.

பழைய இசைத்தட்டுகளைக் கேட்பவர்களுக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். காஞ்சிபுரம் நயினா பிள்ளையின் சீடர், 1954-ல் சங்கீத கலாநிதி ஆன சித்தூர் சுப்பிரமணிய பிள்ளையின் ‘மதுரா நகரிலோ’ கிராமபோன் தட்டு ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு பிரபலம். 78 சுழற்சித் தட்டுகளுக்கும் ஒரு துலங்கல் உண்டு. 1925-க்குப் பின் மைக் வைத்துப் பதிவு செய்யத் தொடங்கிய காலத்திலும் அவற்றில் பெரும்பாலானவை 5,000, 6,000 ஹெர்ட்சுக்கு மேலே இசையாக அதிகம் எதையும் ஏந்தவில்லை. அதற்கு மேலே கேட்பது ஊசியின் உரசலே. மேலொலி தூக்கலான ஹெட்ஃபோனில் அந்த உரசல்தான் முன்னால் வரும். இத்தகைய பதிவுகளுக்கு ஈக்வலைசரில் 6,000-க்கு மேற்பட்ட பட்டைகளைத் தாராளமாக இறக்கிவிடலாம். பிள்ளையவர்களின் பாட்டிலிருந்து பெரிதாக ஒன்றும் குறையாது.